காசு எந்த இடத்தில் கைமாறுகிறது என்று பாருங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது டிவி கேம் கேசட்டில் காண்ட்ரா, அப்புறம் கம்ப்யூட்டர் சென்டரில் ரோட் ரேஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பிளேஸ்டேஷன் என்று முப்பது வருடமாக விளையாடி வருகிறேன். இப்போது வெறுத்துப்போய்விட்டது. எந்தக் கேமைத் திறந்தாலும் முதலில் கடைதான் வந்து நிற்கிறது. பாதி வேலை முடிந்ததை முழு விலைக்கு விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரு கார் ரேஸ் கேமின் சர்வரை நிறுத்திவிட்டார்கள். இப்போது அதைத் தனியாகக்கூட ஆட முடியவில்லை. ஆறாவது படிக்கும் மகன் எனக்குத் தெரியாமல் போன் கேமில் டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கி நாலாயிரம் ரூபாய் போய்விட்டது. நண்பர்களோ, ‘உனக்கு வயசாயிடுச்சு, அதான் எதுவும் பிடிக்கல’ என்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா? கன்சோலை விற்றுவிடலாமா? இதற்கு நடுவில், பிளஸ் டூ படிக்கும் மகள் கேம் டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

பதில்: வணக்கம். வயதாக ஆக நேரமும் பொறுமையும் குறையும் என்பது சரிதான். பழைய கேம்களில் நல்லது மட்டும் நினைவில் நிற்கும் என்பதும் சரிதான். ஆனால் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கடை, அரைகுறை கேம், நின்றுபோன சர்வர், பையன் வாங்கிய டைமண்ட். இந்த நாலில் ஒன்றுகூட ரசனை சம்பந்தப்பட்டது இல்லை. கிராபிக்ஸ் பிடிக்கவில்லை, கதை பிடிக்கவில்லை, கை பழகவில்லை என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நாலுமே பணம் சம்பந்தப்பட்டவை. அதனால் உங்கள் வயதை விட்டுவிடுவோம்.

நான் கேம் டிசைனராக வேலை செய்கிறேன். ஒரு கேமுக்குள் பணமும் பரிசும் எப்படிப் புழங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலையில் பெரும்பகுதி. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: ஒரு கேம் எந்த இடத்தில் உங்களிடம் காசு வாங்குகிறதோ, அந்த இடத்தை நோக்கித்தான் அதன் வடிவமே வளையும். இது இன்றைக்குப் புதிதாக வந்ததும் இல்லை.

நீங்கள் ஆடிய காண்ட்ராவையே எடுத்துக்கொள்வோம். அது வீட்டுக்காகச் செய்யப்பட்ட கேம் இல்லை. 1987-ல் கொனாமி நிறுவனம் அதை நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாகத்தான் கொண்டுவந்தது. ஒரே நாணயத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் நின்று ஆடினால் இயந்திரம் வைத்திருப்பவருக்கு நஷ்டம். எனவே ஆடுகிறவர் சீக்கிரம் சாக வேண்டும். அதே நேரம், ‘இன்னொரு நாணயம் போட்டால் இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன்’ என்று அவருக்குத் தோன்றவும் வேண்டும். எண்ணி வைத்த லைஃப், ஒரு குண்டு பட்டாலே சாவு, எதிரி எங்கிருந்து வருவான் என்பதை இரண்டு மூன்று முறை செத்துத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்ற அமைப்பு, எல்லாம் அந்தக் கணக்கில் பிறந்தவை. மறு வருடம் வீட்டுக்கான காண்ட்ரா வந்தபோது நாணயப் பெட்டி போய்விட்டது. எண்ணி வைத்த லைஃப் மட்டும் கூடவே வந்துவிட்டது. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது லைஃப் கிடைக்கும் வித்தை உங்கள் விரலில் இன்னும் இருக்கும். நம்மூரில் விற்ற பல கேசட்டுகளில் அந்த வித்தைகூடத் தேவைப்படவில்லை. ஒரே காண்ட்ரா பத்து நம்பரில் இருக்கும், அதில் ஏதாவது ஒரு நம்பரில் முப்பது லைஃப் இருக்கும்.

ஆக, அந்தக் காலத்து கேம் செய்தவர்கள் காசு ஆசை இல்லாத துறவிகள் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குக் கிடைத்தது வேறு ஒரு நல்வாய்ப்பு. நீங்கள் வளர்ந்த இருபது வருடத்தில் கேமுக்கான காசு கடைக் கல்லாவில் ஒரே தடவை கைமாறியது. அதற்கப்புறம் உங்கள் பணப்பையில் அந்த நிறுவனத்துக்கு எந்த வேலையும் இல்லை. உங்களுக்குப் பிடித்தால் அடுத்த கேமை வாங்குவீர்கள், அவ்வளவுதான் அவர்களுடைய எதிர்பார்ப்பு. அந்த ஏற்பாட்டில், ஆடுகிறவரைச் சந்தோஷமாக எழுந்து போகவிடுவதுதான் டிசைனரின் வேலை. ஒரு கேம் முடிய வேண்டும், முடிந்த பிறகு நண்பனிடம் சொல்ல வேண்டும். உங்களுடைய பிரியமான ரோட் ரேஷை வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்பது நினைவிருக்கும். 2017-ல் லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பரிசுப் பெட்டி விவகாரத்தில் உலகம் முழுக்க வசை வாங்கியதும் அதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்தான்.

அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது. கல்லா கடையிலிருந்து நகர்ந்து கேமுக்குள் வந்துவிட்டது. 2006-ல் ஆப்லிவியன் என்ற கேமுக்கு, குதிரைக்குப் போடும் கவசத்தை இரண்டரை டாலருக்குத் தனியாக விற்றார்கள். ஆடுகிறவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் வாங்கவும் செய்தார்கள். பதினோரு வருடம் கழித்து ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய கேம். அதில் டார்த் வேடர் என்ற பெரிய வில்லனாக ஆட வேண்டும் என்றால், ஆடி ஆடிச் சம்பாதிக்கும் கேம் காசில் 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். அதற்கு நாற்பது மணி நேரம் ஆகும் என்று ஆடுகிறவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இல்லையென்றால் காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளை வாங்கித் திறந்துகொண்டே இருக்கலாம். எதிர்ப்பு தாங்க முடியாமல் அந்த 60,000-ஐ 15,000 ஆக்கினார்கள். வெளியீட்டுக்கு முந்தைய இரவு காசு வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், காசு வாங்கும் லூட் பாக்ஸ் தங்கள் நாட்டுச் சட்டப்படி சூதாட்டம் என்று அறிவித்தது.

அந்த 60,000 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். கதைக்காகவோ சவாலுக்காகவோ வந்த எண் என்றால் அதை ஒரே நாளில் கால்வாசியாக்க முடியாது. ஆடுகிறவருக்கு எந்த இடத்தில் அலுப்புத் தட்டும், எந்த இடத்தில் காசு கொடுக்கத் தோன்றும் என்று பார்த்துத்தான் இப்படிப்பட்ட எண்கள் வைக்கப்படுகின்றன. எங்கள் தொழிலில் நான் மன்னிக்காத விஷயம் இது ஒன்றுதான்: வேண்டுமென்றே அலுப்பைச் செய்து வைத்துவிட்டு, அந்த அலுப்பைத் தாண்டுவதற்குக் காசு கேட்பது. ஒரு டிசைனர் தன் கைத்திறமையைத் தன் கேமுக்கு எதிராகவே பயன்படுத்துவது அது.

உங்கள் மகன் வாங்கிய டைமண்டுக்கு வருகிறேன். இது எப்படி அமைக்கப்படுகிறது என்று உங்களுக்கும் அவனுக்கும் தெரிய வேண்டும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கேமில் ஒரு உடை 1,100 டைமண்ட் என்று வைத்துக்கொள்வோம். கடையில் டைமண்ட் 500, 1,000, 2,800 என்ற பொட்டலங்களாக மட்டுமே கிடைக்கும். 1,100 என்று ஒரு பொட்டலம் இருக்கவே இருக்காது. 1,000 பொட்டலம் ஒன்றும் 500 பொட்டலம் ஒன்றும் வாங்கினால் உடை கிடைக்கும், 400 மிச்சம் நிற்கும். அடுத்த வாரம் வரும் தொப்பி 600 டைமண்ட். கையில் 400 இருக்கிறதே, இன்னும் 200 தானே வேண்டும் என்று தோன்றும். அந்த 200-க்கு மறுபடி 500 பொட்டலம். இந்த மிச்சம் தற்செயலாக நிற்பதில்லை, எக்செல் தாளில் உட்கார்ந்து நிற்க வைப்பது. ரூபாயை டைமண்டாக மாற்றுவதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் இருக்கிறது. உடையின் மேல் 899 ரூபாய் என்று எழுதியிருந்தால் பதினொரு வயதுப் பையன்கூட ஒரு நிமிடம் யோசிப்பான். 1,100 டைமண்ட் என்றால் அது எவ்வளவு என்று பெரியவர்களுக்கே சட்டென்று பிடிபடாது.

பொத்தானை வைக்கும் இடத்திலும் இந்த வேலை நடக்கிறது. ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் எடுத்த நடவடிக்கை 2022 டிசம்பரில் மொத்தம் 52 கோடி டாலரில் தீர்ந்தது. அதில் 24.5 கோடி, ஆடியவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக. அந்தப் புகாரில் என்ன இருந்தது தெரியுமா? ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் வாங்கியதாக ஆகிவிடும். தூங்கிக் கிடக்கும் கேமை எழுப்ப அழுத்தினாலும், திரை லோட் ஆகிக்கொண்டிருக்கும்போது அழுத்தினாலும், ஒரு பொருளைச் சும்மா பார்க்கப் போய்ப் பக்கத்துப் பொத்தானில் கை பட்டாலும் காசு போய்விடும். இதையெல்லாம் கட்டியவர்கள் படித்த, திறமையான பெரியவர்கள். எதிரில் இருந்தவர்களில் பலர் குழந்தைகள். அதனால் நாலாயிரம் ரூபாய்க்காகப் பையனைத் திருடன் மாதிரி நடத்தாதீர்கள். போனில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றுங்கள். கார்டும் யுபிஐ-யும் அந்தக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது தாண்டியிருந்தாலும் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டம் இல்லை. அப்புறம், மேலே சொன்ன 1,100 கணக்கை அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். தன்னை யாரோ கணக்குப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வயதுப் பையனுக்கு வரும் கோபம், நம் திட்டைவிட நன்றாக வேலை செய்யும்.

இலவச கேம் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. நூறு பேர் ஒன்றாக ஆடும் கேமுக்கு மாதா மாதம் சர்வர் செலவு இருக்கிறது, திருடன் போலீஸ் போல ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஆட்கள் வேண்டும். உடையையும் நிறத்தையும் மட்டும் விற்று, ஆட்டத்தின் வெற்றி தோல்வியில் காசைக் கலக்காமல் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நியாயமான தொழிலாகவே பார்க்கிறேன்.

பாதி வெந்த கேம் என்ற குறைக்கு நீளமாகப் பதில் தேவையில்லை, அது ரொம்பப் பழைய நோய். 1982 கிறிஸ்துமஸுக்குள் வந்தாக வேண்டும் என்று அடாரி நிறுவனம் ஈ.டி. கேமை ஐந்து வாரத்தில் எழுத வைத்தது. விற்காமல் திரும்பிய கேசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டி எடுத்துப் பார்த்ததும் நடந்தது. இன்றைய வித்தியாசம் செலவில் இருக்கிறது. 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த, பிளேஸ்டேஷன் செய்யும் சோனியின் ஆவணங்களில், தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவு என்று இருந்தது. அவ்வளவு பணம் போட்டவர்கள் தேதியைத் தள்ளிவைக்கப் பயப்படுகிறார்கள். பிறகு பேட்ச் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று இன்டர்நெட் தைரியம் கொடுக்கிறது. சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர் 10. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்த பிறகு ஆடியவர்களுக்கோ அது அருமையான கேம். எனவே உங்களுக்கு என் யோசனை ரொம்ப எளிது: முன்பதிவு செய்யவே செய்யாதீர்கள், பெரிய கேம்களை ஒரு வருடம் கழித்து வாங்குங்கள். விலையும் பாதியாகியிருக்கும், ஓட்டைகளும் அடைபட்டிருக்கும். உங்களை அவசரப்படுத்த யாரும் இல்லை.

உங்கள் கார் கேம் விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். எந்தக் கேம் என்று நீங்கள் சொல்லவில்லை. உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒன்றை வைத்து விளக்குகிறேன். யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் தி க்ரூ என்ற கார் கேமை வெளியிட்டது. அமெரிக்காவையே சுருக்கி வரைந்து, ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரை வரை ஓட்டிக்கொண்டே போகலாம் என்று செய்தார்கள். அழகான யோசனை. தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும் என்றும் அமைத்தார்கள். 2023 டிசம்பரில் கடையிலிருந்து எடுத்தார்கள், 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். அதோடு முடிந்தது. டிஸ்க் கையில் இருப்பவர்களுக்கும் அது வெறும் தகடு. சில வாரங்களில் பலருடைய கணக்கிலிருந்து லைசென்ஸே எடுக்கப்பட்டுவிட்டது.

தனியாக ஓட்டும் ஒருவருக்குச் சர்வர் எதற்கு? தொழில்நுட்பம் தெரிந்தவனாகச் சொல்கிறேன், பெரும்பாலும் தேவையே இல்லை. நீங்கள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறீர்கள், எந்த வண்டி வைத்திருக்கிறீர்கள் என்ற கணக்கைச் சர்வரில் வைத்தால் திருட்டு நகலைத் தடுக்கலாம், கேமுக்குள் கடை நடத்தலாம். அதற்காகத்தான் அப்படிக் கட்டுகிறார்கள். ஆரம்பத்திலேயே அப்படிக் கட்டிவிட்டால் பத்து வருடம் கழித்துப் பிரித்தெடுப்பது செலவு. முதல் நாளே யோசித்து வைத்திருந்தால் பெரிய செலவு இல்லை. தி க்ரூவுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதே வரிசையின் அடுத்த இரண்டு கேம்களுக்கு இணைப்பில்லாமல் ஆடும் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் யூபிசாஃப்டே அறிவித்ததே, முடியாத காரியம் என்றால் அறிவித்திருப்பார்களா?

அந்த எதிர்ப்பை ஆரம்பித்தவர் ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர். 2024 ஏப்ரலில் அவர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பது ஒன்றே ஒன்று: சர்வரை என்றென்றைக்கும் நடத்தச் சொல்லவில்லை, நிறுத்தும்போது வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பிய யூனியனில் இதற்கான மனுவில் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று விற்றால், நீங்கள் பெறுவது லைசென்ஸ் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கேம் விற்கும் ஸ்டீம் கடையில் காசு கட்டும் பக்கத்தில் அந்த அறிவிப்பு இப்போது இருக்கிறது. நான் இந்த இயக்கத்தின் பக்கம். என்னைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் செய்த வேலையும் அந்தச் சர்வரோடு சேர்ந்துதானே அழிகிறது? அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. சர்வரை நம்பிய கேம்கள் அந்தப் பட்டியலை இன்னும் மோசமாக்கும்.

இனி வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். வீட்டு இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டால் இந்தக் கேம் ஓடுமா? கடைப் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில், எப்போதும் இணைப்பு தேவை என்றும், கேமுக்குள் வாங்கும் பொருட்கள் உண்டு என்றும் போட்டிருப்பார்கள். அந்த இரண்டும் சேர்ந்து இருந்தால், நீங்கள் அந்தக் கேமை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, வாடகைக்குத் தகுந்த தொகையை மட்டும் கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஆடுவதாக இருந்தால் போலந்தில் தொடங்கிய ஜிஓஜி என்ற கடையைப் பாருங்கள். அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலரை அப்படியே இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், யாரும் திரும்ப எடுக்க முடியாது. டிஸ்க் வாங்கினாலும் முழு கேமும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டிய காலம் இது. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் ‘கேம் கீ கார்டு’களில் கேம் இருக்காது, இறக்கிக்கொள்ள ஒரு சாவி மட்டுமே இருக்கும்.

கன்சோலை விற்க வேண்டாம். உங்களுக்குப் பழக்கமான பழைய ஏற்பாட்டில், அதாவது ஒரு விலை கொடுத்தால் முழு கேம் என்ற ஏற்பாட்டில் வரும் கேம்கள் இன்று எண்ணிக்கையில் உங்கள் கல்லூரிக் காலத்தைவிடப் பல மடங்கு அதிகம். பெரிய விளம்பரம் அவற்றுக்கு இல்லை என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தார். 2016-ல் வந்தது, இன்றுவரை புதிய பகுதிகளை இலவசமாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழுவின் சில்க்சாங் 2025 செப்டம்பரில் வெறும் 20 டாலருக்கு வந்தது. காண்ட்ராவில் செத்துச் செத்துக் கற்றுக்கொண்ட உங்களுக்கு அதன் கடினம் பிடிக்கும். அதே ஆண்டு விருதுகளை அள்ளிய எக்ஸ்பெடிஷன் 33, பிரான்சின் மோன்பெலியே நகரத்துச் சின்ன ஸ்டூடியோ ஒன்று செய்தது. அதில் லூட் பாக்ஸ் கிடையாது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்கு நீங்கள் திரும்பிப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். 1999-ல் வந்த அந்தக் கேமைப் புதுப்பித்து 2019-ல் மறுபடி வெளியிட்டார்கள்; 2025 மே மாதம் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்துவிட்டது. 2022-ல் அதற்கு வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் பகுதியில் திராவிடர்கள் ஒரு தனி நாகரிகமாகவே இருக்கிறார்கள். உருமி என்ற சுருள்வாளை வீசும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு முழு அத்தியாயமாக. நாம் கம்ப்யூட்டர் சென்டரில் பிரிட்டனாகவும் மங்கோலியனாகவும் ஆடிய கேம் அது. கூடுதல் பகுதிக்குத் தனி விலை உண்டு, ஆனால் ஒரே தடவை. உள்ளே எந்த டைமண்டும் இல்லை. கூடுதலாக விற்பதையும் மரியாதையோடு விற்க முடியும் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் வெண்பா இருக்கிறது. கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு நைந்துபோய், அழிந்த வரிகளை நாம் யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லி: மேல்தட்டின் இட்லி கீழ்த்தட்டின் ஓட்டைகளை அடைத்துவிடாமல் தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பது. நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமலே செய்கிற ஒன்றை ஒரு டிசைனர் கவனித்துப் பார்த்துப் புதிராக மாற்றியிருக்கிறார். மொத்தமே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிய வேண்டிய இடத்தில் முடிகிறது என்பதே எனக்கு அதில் பிடித்தது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது 2024-ல் அதற்குக் கிடைத்தது. அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடலாம்.

கடைசியாக உங்கள் மகள். தொழில் இப்போது இருக்கும் நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் மட்டும் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. நல்ல கேம் செய்தால் வேலை நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை: ஹை-ஃபை ரஷ் என்ற கேமை எல்லோரும் கொண்டாடினார்கள், அதைச் செய்த ஜப்பானிய ஸ்டூடியோ டேங்கோவை மூடுவதாக 2024 மே மாதம் அதே மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நல்லவேளை, சில மாதத்தில் வேறொரு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் வேலை இருக்கிறது. பெங்களூரில் ராக்ஸ்டார், புனேயில் யூபிசாஃப்ட் என்று பெரிய அலுவலகங்களே இருக்கின்றன. ஆனால் இங்கே அதிகம் நடப்பது வெளிநாட்டு கேம்களுக்கான ஆர்ட், அனிமேஷன், டெஸ்டிங். ‘டிசைனர்’ என்ற பதவியில் கல்லூரி முடித்த உடனே உட்காருகிறவர்கள் மிகக் குறைவு.

அதனால் பட்டப்படிப்பில் ‘கேம் டிசைன்’ என்ற பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அவளுக்குக் கணக்கும் கோடிங்கும் பிடித்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். வரைவது பிடித்தால் நுண்கலையோ அனிமேஷனோ. இரண்டும் கேம் துறை சரிந்தாலும் வேறு இடத்தில் சோறு போடும். கேம் செய்யக் கற்றுக்கொள்ள அவள் கல்லூரிக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. கோடாட் என்ற மென்பொருள் முழுக்க இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் ஐந்து நிமிடம் ஆடக்கூடிய ஒரே ஒரு கேமை முடிக்கச் சொல்லுங்கள். பெரிதாக ஆரம்பித்துப் பாதியில் விட்டதை யாரும் வேலைக்கு எடுக்கும்போது பார்ப்பதில்லை. சின்னதாக இருந்தாலும் முடித்ததைப் பார்க்கிறார்கள். அதை நீங்களே ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் அலுத்தது, எந்த இடத்தில் என்ன செய்வதென்று புரியாமல் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். ‘நல்லா இருக்கும்மா’ என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். முப்பது வருடம் ஆடியவர் வீட்டிலேயே இருப்பது அவளுக்கு வேறு யாருக்கும் கிடைக்காத வசதி.

அந்தக் கேமை முடித்த பிறகும் அவள் இதுதான் வேண்டும் என்றால் அனுப்புங்கள். தனியார் பயிற்சி மையம் எதிலாவது லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால், கட்டுவதற்கு முன் அங்கே படித்து வெளியே போன பத்து பேரின் பெயரையும், அவர்கள் வேலை செய்த கேம்களின் பெயரையும் கேளுங்கள். ஒவ்வொரு கேமின் முடிவிலும் வேலை செய்தவர்கள் பட்டியல் ஓடும், அதில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று யூடியூபில் தேடிப் பார்த்துவிடலாம். பெயர் தர மறுக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.